அதிகம் தூங்கினால் ஆயுள் குறையுமா? கோஹார்ட் ஆய்வுகளை எவ்வளவு நம்பலாம்?

#1 இரவுப்பறவை

"ஒன்பது மணிநேரத்துக்கு மேல் தூங்குகிறவர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள்" என்ற செய்தி எப்படியோ அடிக்கடி சுற்றுக்கு வந்துவிடுகிறது. லட்சக்கணக்கானவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு (இதைத்தான் கோஹார்ட் ஆய்வு என்கிறார்கள்) என்று கூடவே ஒரு வரி. நான் விட்டால் ஒன்பது மணிநேரம் தாராளமாகத் தூங்குகிற ஆள். இனிமேல் அலாரம் வைத்து எழுந்தால் என் ஆயுள் கூடுமா என்பதை மட்டும் எந்தச் செய்தியும் சொல்வதில்லை.

மது, நடை, காபி, வைட்டமின் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இந்த ஆய்வுகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள். திட்டவும் வரலாம், காரணத்தோடு திட்டுங்கள்.

#2 வேப்பங்காய்

காரணத்தோடயே திட்டுறேன்.

அமெரிக்காவுல 1976-ல ஆரம்பிச்சது நர்ஸஸ் ஹெல்த் ஸ்டடி. 1,21,700 நர்ஸுங்க. இந்த வகை ஆய்வுல இதைவிடப் பேர்போனது ரொம்பக் கம்மி. மாதவிடாய் நின்னபிறகு ஹார்மோன் மாத்திரை எடுக்கிற பெண்களுக்கு இதயநோய் கிட்டத்தட்ட பாதியா இருக்குன்னு 1991-ல எழுதினாங்க. அப்புறம் குலுக்கல் போட்டு, பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெத்து மாத்திரைன்னு பிரிச்சு ஒரு சோதனை நடந்துச்சு. விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ், 16,608 பெண்கள். 2002 ஜூலைல பாதியிலயே நிறுத்திட்டாங்க. இதயநோய் குறையவே இல்ல, 29 சதவீதம் கூடியிருந்துச்சு. மார்பகப் புற்றுநோயும் கூடியிருந்துச்சு.

ஒரு லட்சத்துக்கு மேல ஆளு, வருஷக்கணக்கா கண்காணிப்பு, கடைசில திசையே தப்பு. தூக்கக் கதையை மட்டும் ஏன் நம்பணும்?

#3 தரவுக்காரி

நோய்ப்பரவல் தரவுகளோடு மாரடிப்பதுதான் என் பிழைப்பு. வேப்பங்காய் சொன்ன ஹார்மோன் கதைக்குப் பிறகு வருகிறேன், அதில் இரண்டாம் பாகம் ஒன்று இருக்கிறது. முதலில் தூக்கம்.

இதில் பிரபலமான ஆய்வு 2002-ல் வந்தது. அமெரிக்கப் புற்றுநோய்க் கழகம் திரட்டிய 11 லட்சம் பேருடைய தரவு. ஏழு மணிநேரம் தூங்குவதாகச் சொன்னவர்களிடம் இறப்பு குறைவு, அதற்குக் கீழும் மேலும் போகப் போக அதிகம். இதுவரை எண்ணிக்கை. "தூக்கம் கொன்றது" என்பது எண்ணிக்கைக்கு மேல் நாம் வைக்கிற கூரை.

ஒருவர் ஏன் ஒன்பது மணிநேரம் தூங்குகிறார்? மனச்சோர்வு இருக்கலாம். இதயம் பலவீனமாகி உடம்பு அசந்துபோயிருக்கலாம். தூக்க மாத்திரை எடுக்கலாம். வேலை போயிருக்கலாம். அதே நர்ஸஸ் ஆய்வின் தரவைக் கிளறியபோது, நீண்ட நேரம் தூங்குவதாகச் சொன்னவர்களிடம் மனச்சோர்வும் வேலையின்மையும் அதிகமாகத் தென்பட்டன. அதாவது நோய் உள்ளே வந்துவிட்டது, அதன் முதல் அடையாளமாகத் தூக்கம் நீள்கிறது, பெயர் வெளியே தெரிவதற்குள் நாம் தூக்கத்தைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறோம். காரணமும் விளைவும் இடம் மாறுவது என்பது இதுதான்.

இன்னொரு தொல்லை. "எத்தனை மணிநேரம் தூங்குகிறீர்கள்?" என்று கேட்டு வாங்கிய பதில் அது. கார்டியா என்ற அமெரிக்க ஆய்வில் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்து பார்த்தார்கள். மக்கள் சொன்னது அளந்ததைவிட முக்கால் மணிநேரத்துக்கும் சற்று அதிகம். எனவே "ஏழு மணிநேரம் நல்லது" என்ற வரியில் உள்ள ஏழு, கடிகாரத்து ஏழு அல்ல.

#4 மௌனசாமி

அப்ப தூங்கலாமா கூடாதா

#5 தரவுக்காரி

தூங்குங்கள் மௌனசாமி. திடீரென்று தூக்கம் கூடிப்போனால் மட்டும் ஏன் என்று ஒரு மருத்துவரிடம் கேளுங்கள்.

#6 கணக்குப்பிள்ளை

வேப்பங்காய் 29 சதவீதம் என்று போட்ட இடத்தில் ஒரு கணக்கு விட்டுப்போயிருக்கிறது. அதே ஹார்மோன் சோதனையில் வெற்று மாத்திரை எடுத்த 10,000 பெண்களில் ஆண்டுக்கு 30 பேருக்கு இதயநோய்ப் பாதிப்பு. நிஜ மாத்திரை எடுத்தவர்களில் 37. பத்தாயிரத்துக்கு ஏழு கூடுதல். 29 சதவீதமும் உண்மை, ஏழும் உண்மை. தலைப்பில் எது வரும் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த ஏழைச் சின்ன விஷயம் என்று நான் தள்ளவில்லை. கோடிக்கணக்கானவர்கள் எடுத்துக்கொள்ளும் மாத்திரையில் பத்தாயிரத்துக்கு ஏழு என்பது பெரிய பழி. ஆனால் ஒரு தனிப்பட்ட பெண் தன் மருத்துவரோடு உட்கார்ந்து முடிவெடுக்க 29-ஐவிட 30-ம் 37-ம் தான் உதவும். சதவீதத்தை மட்டும் போட்டு அடிப்படை எண்ணிக்கையை மறைக்கும் செய்தியை நான் இரண்டாம் பத்திக்கு மேல் படிப்பதில்லை.

#7 வேப்பங்காய்

தரவுக்காரி சொன்ன எல்லாமே என் கட்சிக்குத்தான் பலம். நன்றி.

#8 தரவுக்காரி

இன்னும் பலமான ஒன்றைத் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

கரோனரி ட்ரக் ப்ராஜெக்ட் என்று அமெரிக்காவில் ஒரு மருந்துச் சோதனை நடந்தது. மாரடைப்பு வந்து பிழைத்த ஆண்கள். 1980-ல் ஒரு வேடிக்கையான முடிவை வெளியிட்டார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை ஒழுங்காக விழுங்கியவர்களையும் ஏனோதானோ என்று விழுங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். கொடுத்ததில் எண்பது சதவீதமாவது எடுத்தவர்களில் ஐந்தாண்டில் இறந்தவர்கள் சுமார் 15 சதவீதம். ஒழுங்கில்லாதவர்களில் சுமார் 28 சதவீதம். மாத்திரைக்குள் மருந்தே கிடையாது!

தெரிந்த நோய்க்காரணிகளை எல்லாம் கணக்கில் சேர்த்துச் சரிக்கட்டினார்கள். வித்தியாசம் கொஞ்சம் சுருங்கியது, போகவில்லை.

வெற்று மாத்திரையை வேளை தவறாமல் விழுங்குகிறவர் யார்? சொன்ன பேச்சைக் கேட்பவர், வீட்டில் கவனித்துக்கொள்ள ஆள் இருப்பவர், மறதியோ மனச்சோர்வோ இல்லாதவர், வேறு உபாதை பெரிதாக இல்லாதவர். இந்தக் குணக்கட்டு முழுவதும் ஒரு மாத்திரைப் பழக்கத்தின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. இனி "தினமும் இதைச் செய்பவர்கள் நீண்டநாள் வாழ்கிறார்கள்" என்று எதைப் படித்தாலும் எனக்கு இந்த வெற்று மாத்திரைதான் ஞாபகம் வரும்.

#9 பழையகணக்கு

தம்பி தங்கைகளே, கொஞ்சம் பொறுங்கள். நான் முப்பது வருடம் புகைத்து ஐம்பதில் விட்டவன். எனக்கு அன்று மருத்துவர் காட்டிய கணக்கு எங்கிருந்து வந்தது? யாரையாவது குலுக்கல் போட்டு "நீ புகை, நீ புகைக்காதே" என்று பிரித்தார்களா?

ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1951-ல் பிரிட்டன் மருத்துவர்களுக்கே கடிதம் போட்டார்கள். சின்னக் கேள்வித்தாள்தான். ஏன் மருத்துவர்கள்? பதிவேட்டில் பெயர் இருக்கும், இறந்தால் எதனால் என்று தெரிந்துவிடும், தொலைந்துபோக மாட்டார்கள். 34,439 ஆண் மருத்துவர்களைப் பின்தொடர்ந்தார்கள். 1954-ல் முதல் அறிக்கை வந்தபோது நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர்கள் 36 பேர். அதில் புகைக்காதவர் ஒருவர்கூட இல்லை.

ஐம்பது ஆண்டு முடிவை 2004-ல் போட்டார்கள். வாழ்நாள் முழுக்கப் புகைத்தவர்களுக்குச் சராசரியாகப் பத்து வருடம் குறைந்திருந்தது. 60 வயதில் விட்டவர்களுக்கு மூன்று வருடம் திரும்பக் கிடைத்தது, 50-ல் ஆறு, 40-ல் ஒன்பது, 30-ல் ஏறக்குறைய முழுப் பத்தும். எனக்கு அந்த ஆறு. கோஹார்ட் ஆய்வு குப்பை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

#10 வேப்பங்காய்

ஐயா, புகை வேற. அதை யாரும் மறுக்கல.

#11 கணக்குப்பிள்ளை

மறுத்தார்கள். சாதாரண ஆளும் அல்ல. இருபதாம் நூற்றாண்டுப் புள்ளியியலின் பெரிய தலை ரொனால்ட் ஃபிஷர். குலுக்கல் முறைச் சோதனைக்கு அடித்தளம் போட்டவரே அவர்தான். நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளாக்கும் மரபுக்கூறே புகைக்கும் ஆசையையும் தருகிறதோ என்று 1950-களின் கடைசியில் கேட்டார். (அவர் பைப் புகைப்பவர், புகையிலைத் தொழிலுக்கு ஆலோசகரும்கூட. ஆனால் கேள்வி என்ற அளவில் அது மட்டமான கேள்வி அல்ல. வேப்பங்காய் கேட்பதும் அதே வகைதான்.)

பதில் 1959-ல் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் கூட்டாளிகளும் எழுதியதில் இருக்கிறது. எளிய தர்க்கம். புகைப்பவர்களுக்குப் புற்றுநோய் ஒன்பது மடங்கு என்று வையுங்கள். அதற்கு முழுக் காரணம் ஒளிந்திருக்கும் வேறொன்று என்றால், அந்த வேறொன்று புகைப்பவர்களிடம் குறைந்தது ஒன்பது மடங்கு அதிகமாக இருந்தாக வேண்டும். அவ்வளவு பெரிய வித்தியாசம் யார் கண்ணிலும் படாமல் எங்கே ஒளியும்?

இப்போது இதைத் திருப்பிப் போடுங்கள். ஆபத்து 1.2 மடங்கு என்று ஒரு ஆய்வு சொல்கிறது. அதைப் பொய்யாக்க ஒளிந்திருக்கும் காரணம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் வருமானம், கொஞ்சம் படிப்பு, கொஞ்சம் தனிமை போதும். புகையையும் காபியையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்த முதல் காரணம் இதுதான்.

பிறகு ஃபின்லாந்து இரட்டையர் ஆய்வு (1989) மரபணு வாதத்தையும் முடித்துவைத்தது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையர், மரபணு ஒன்றே, ஒருவர் மட்டும் புகைப்பவர். பெரும்பாலும் முதலில் இறந்தவர் அவர்தான்.

#12 வேப்பங்காய்

சரி, மடங்கு பெருசா இருந்தா ஏத்துக்கலாம்ங்கிற வாதம் பிடிச்சிருக்கு. அப்ப 1.2, 0.8 எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாமா? அளவா குடிச்சா நல்லதுன்னு எத்தனை வருஷம் காதுல பூ சுத்தினாங்க!

#13 தரவுக்காரி

மது நல்ல உதாரணம், ஏனென்றால் அங்கே தகராறு ஓரளவு தீர்ந்த விதம் சுவையானது.

"குடிக்காதவர்" என்ற கூட்டத்தில் யார் இருக்கிறார்கள் பாருங்கள். பிறந்ததிலிருந்து தொடாதவர் மட்டுமா? ஈரல் கெட்டு விட்டவர், மருந்து எடுப்பதால் விட்டவர், குடித்துக் கெட்டு விட்டவர் எல்லோரும் அதே பெட்டியில். அவர்களோடு ஒப்பிட்டால் அளவாகக் குடிப்பவர் ஆரோக்கியசாலியாகத்தான் தெரிவார்.

இதை உடைக்கச் சீனாவின் கடூரி பயோபேங்க் உதவியது. 2004 முதல் 2008 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்த கோஹார்ட். கிழக்காசியர்களில் பலருக்கு மதுவை உடம்பு கையாளும் விதத்தை மாற்றும் மரபணு வேறுபாடு உண்டு. குடித்தால் முகம் சிவக்கும், குமட்டும். அதனால் அவர்கள் குறைவாகவே குடிப்பார்கள். இந்த மரபணு பிறப்பிலேயே வாய்ப்பது, இயற்கையே போட்ட குலுக்கல் மாதிரி. வருமானத்தையோ மனச்சோர்வையோ பார்த்து அது வருவதில்லை.

2019-ல் முடிவு வெளியானது. "எவ்வளவு குடிக்கிறீர்கள்" என்ற பதிலை வைத்துப் பார்த்தால் இரு ஓரத்திலும் உயர்ந்து நடுவில் தாழும் பழைய வளைவுதான், அளவாகக் குடிப்பவருக்குப் பக்கவாதம் குறைவு. மரபணுவை வைத்துப் பார்த்தால் வளைவு மறைந்துவிட்டது. மது கூடக்கூடப் பக்கவாதமும் கூடியது. அங்கே பெண்கள் பெரும்பாலும் குடிப்பதில்லை. அதே மரபணு உள்ள பெண்களிடம் இந்த வித்தியாசமே காணோம். மரபணு வேறு வழியில் வேலை செய்திருந்தால் பெண்களிடமும் தெரிந்திருக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

கவனியுங்கள், இதுவும் கோஹார்ட் ஆய்வுதான். தவறைக் கிளப்பியதும் அந்த வகை, பிடித்ததும் அந்த வகை.

ஹார்மோன் கதைக்கும் கடன் பாக்கி இருக்கிறது. 2008-ல் மிகெல் ஹெர்னானும் சகாக்களும் நர்ஸஸ் தரவையே மறுபடி எடுத்தார்கள். இந்த முறை ஒரு சோதனை நடத்தினால் எப்படி ஒப்பிடுவோமோ அப்படி: மாத்திரை தொடங்கும் நாளிலிருந்து கணக்கு. பழைய முறையில் "இப்போது எடுப்பவர்" என்ற கூட்டத்தில், தொடங்கிய ஓரிரு வருடத்துக்குள் பாதிக்கப்பட்டு விழுந்தவர்கள் சரியாக இடம்பெறவில்லை, தாக்குப்பிடித்தவர்களே நிறைந்திருந்தார்கள். தொடங்கியவர்களைத் தொடங்காதவர்களோடு வைத்து, மாதவிடாய் நின்று எத்தனை வருடம் என்பதையும் பார்த்தபோது, இரண்டு ஆய்வுகளுக்கும் இருந்த முரண் பெரும்பாலும் கரைந்துவிட்டது. நர்ஸுகள் பொய் சொல்லவில்லை. அவர்களிடம் கேட்ட கேள்விதான் வேறு.

#14 நெறியாளர்

மூட்டுவலிப் பொடி விளம்பரம் போட்ட பதிவு நீக்கப்பட்டது. "ஆய்வில் நிரூபணமானது" என்று எழுதியிருந்தார், இந்த இழையிலேயே. தைரியம்தான்.

#15 மாலைநடை

நானும் ஒன்று கேட்கிறேன். பத்தாயிரம் அடி நடக்கவேண்டும் என்பது ஆய்வா, கட்டுக்கதையா?

#16 கணக்குப்பிள்ளை

பத்தாயிரம் என்ற எண் 1960-களில் ஜப்பானில் விற்ற அடி எண்ணும் கருவியோடு வந்தது. விற்பனைக்கு எடுப்பான எண். ஆய்வு பிறகுதான் வந்தது. 2019-ல் ஐ-மின் லீ குழு, சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களுக்குக் கருவி மாட்டி ஏழு நாள் அளந்தார்கள். நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவு. 7,500-க்கு அப்புறம் கோடு தட்டையாகிவிடுகிறது.

#17 வேப்பங்காய்

சராசரி நாலு வருஷம் சொச்சம்தான் பின்தொடர்ந்திருக்காங்க, இப்பத்தான் தேடிப் பார்த்தேன். 72 வயசுல 2,700 அடி மட்டும் நடக்கிற பாட்டி ஏன் அவ்வளவுதான் நடக்குறாங்க? முட்டி, மூச்சு, நெஞ்சு. தூக்கத்துக்குச் சொன்ன அதே நியாயம் நடைக்கும் உண்டா இல்லையா?

#18 தரவுக்காரி

உண்டு. அதனால்தான் இப்படிப்பட்ட ஆய்வுகளில் ஆரம்பத்தில் இறந்தவர்களை விட்டுவிட்டு மறுபடி கணக்குப் போடுவார்கள். அதுவும் ஓரளவுக்குத்தான் காப்பாற்றும்.

நடையின் கட்சி அந்த ஒரு ஆய்வில் நிற்கவில்லை. ஜெரி மோரிஸ் 1953-ல் லண்டன் இரட்டை அடுக்குப் பேருந்து ஊழியர்களைப் பார்த்தார். ஓட்டுநர் உட்கார்ந்தே இருப்பவர், நடத்துநர் நாள் முழுக்க மாடி ஏறி இறங்குபவர். ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே சமூகப் பின்னணி. நடத்துநர்களிடம் இதயநோய் குறைவு, வந்தாலும் கடுமை குறைவு. உடனே எல்லோரும் கைதட்டிவிடவில்லை. குண்டாக இருப்பவர்தான் ஓட்டுநர் வேலைக்குப் போகிறாரோ என்ற சந்தேகம். மோரிஸே அதைத் துருவினார். நிறுவனத்தின் சீருடைப் பதிவுகளை எடுத்துக் கால்சட்டை இடுப்பளவுகளை ஒப்பிட்டார்! ஓட்டுநர்களின் இடுப்பு, நடத்துநர்களுடையதைவிடப் பெரிது. இளம் வயதினரிடமே அப்படி. 1956-ல் அதைத் தானே வெளியிட்டார். தன் முடிவுக்கு எதிராகப் போகக்கூடிய சாட்சியைத் தானே தேடிப்போன மனிதர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

தபால்காரர்கள், அரசு அலுவலர்கள் என்று வேறு வேறு கூட்டங்களிலும் நடப்பவருக்குச் சாதகமாகவே வந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒளிந்திருக்கும் காரணம் வேறாக இருக்கும். அத்தனையும் ஒரே திசையில் ஏமாற்றுவது கடினம்.

#19 பழையகணக்கு

மோரிஸ் 99 வயது வரை வாழ்ந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#20 வேப்பங்காய்

ஒத்தை ஆளை வெச்சு ஆய்வா ஐயா? 😄

#21 இரவுப்பறவை

இழை தொடங்கியவன் மறுபடி. எல்லா ஆய்விலும் "வயது, வருமானம், புகை, எடை எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட்டோம்" என்று ஒரு வரி வருகிறதே. அப்புறமும் ஏன் இத்தனை சந்தேகம்?

#22 கணக்குப்பிள்ளை

அளந்ததைத்தான் சரிக்கட்ட முடியும். அளந்ததும் அரைகுறையாக இருந்தால் சரிக்கட்டலும் அரைகுறை. "வருமானம்" என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்தவர்களுக்குள்ளேயே கடன், சொத்து, நிம்மதி எல்லாம் எவ்வளவு வேறுபடும்.

பீட்டா கரோட்டின் ஞாபகம் இருக்கிறதா? காய்கனி அதிகம் சாப்பிடுபவர்கள், இரத்தத்தில் அது அதிகம் உள்ளவர்கள், இவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் ஒரே குரலில் சொல்லின. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் குலுக்கலில் பிரித்து மாத்திரையாகக் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு: மாத்திரை எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். இதில் ஆய்வுகள் காய்கனியைப் பற்றிச் சொன்னது தப்பு என்று ஆகாது. காய்கனித் தட்டிலிருந்து ஒரு பொருளை உருவி எடுத்து "இதுதான் காரணம்" என்று மாத்திரை செய்ததுதான் இடறல்.

அதிகமாகச் சரிக்கட்டினாலும் ஆபத்து. நடப்பதால் இரத்த அழுத்தம் குறைந்து, அதனால் இதயம் பிழைக்கிறது என்றால், அழுத்தத்தைச் சரிக்கட்டுவது நடையின் பலனையே துடைத்துவிடும்.

#23 மௌனசாமி

தலை சுத்துது. ஆனா படிச்சிட்டு இருக்கேன்

#24 வேப்பங்காய்

பிரிட்டன்ல யூகே பயோபேங்க்னு 5 லட்சம் பேர் வெச்சு எல்லாரும் பேப்பர் போடுறாங்க. அழைப்பு அனுப்பினதுல 5.5 சதவீதம் பேர்தான் சேர்ந்தாங்களாம். அந்த மாதிரி ஆய்வுக்குத் தானா வந்து பேர் குடுக்குறவன் சராசரி ஆளே கிடையாது.

#25 தரவுக்காரி

கிடையாது. அவர்கள் சராசரியைவிடக் குறைவாகப் புகைப்பவர்கள், வசதியானவர்கள் என்று அந்த ஆய்வின் ஆட்களே எழுதியிருக்கிறார்கள். "நாட்டில் எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய்" என்று கேட்க அந்தத் தரவு உதவாது. "இந்தப் பழக்கத்துக்கும் அந்த நோய்க்கும் தொடர்பு உண்டா" என்று கேட்கலாம், அதுவும் எச்சரிக்கையோடு. டாலின் மருத்துவர்களும் சராசரி மனிதர்கள் இல்லையே.

#26 இரவுப்பறவை

அப்படியானால் தூக்கத்தைப் பற்றி எந்த மாதிரி ஆய்வு வந்தால் நீங்கள் நம்புவீர்கள்? இருபது வருடம் யாரையும் குலுக்கல் போட்டுத் தூங்கவைக்க முடியாதே.

#27 தரவுக்காரி

நோய் வருவதற்கு வெகு காலம் முன்பே பழக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். லண்டன் அரசு அலுவலர்களை 1985 முதல் பார்க்கும் இரண்டாம் வைட்ஹால் ஆய்வில் 7,959 பேரின் தூக்கத்தை 50 வயதிலிருந்து தொடர்ந்து கேட்டு, 25 வருடம் கழித்து யாருக்கு மறதிநோய் வந்தது என்று 2021-ல் பார்த்தார்கள். 50, 60, 70 மூன்று வயதிலும் ஆறு மணிநேரமோ அதற்குக் கீழோ தூங்கியவர்களுக்குச் சுமார் 30 சதவீதம் அதிகம். இருபத்தைந்து வருடம் முன்பே மூளைநோய் தூக்கத்தைக் கெடுத்திருக்கும் என்று சொல்வது கஷ்டம், ஆனால் அடியோடு முடியாது என்றும் இல்லை. மடங்கு 1.3 தான் என்பதைக் கணக்குப்பிள்ளை சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

நீண்ட தூக்கத்துக்கு இந்த அளவுக்குக்கூடச் சாட்சி இல்லை. அலாரம் வைத்துச் சீக்கிரம் எழுந்ததால் ஒருவரின் ஆயுள் கூடியது என்று காட்டிய எதையும் நான் படித்ததில்லை.

#28 வேப்பங்காய்

யூகே பயோபேங்க்ல ஒரு லட்சம் பேர் கையில கருவி கட்டி அசைவையும் தூக்கத்தையும் அளந்தாங்களே, அது உதவாதா? ஏழே நாள் அளந்துட்டு ஆயுசுக்கும் ஜோசியம்னு நானே சொல்வேன்தான், ஆனாலும் கேக்குறேன்.

#29 தரவுக்காரி

2013 முதல் 2015 வரை கட்டிய கருவிகள் அவை. வாயால் சொன்ன கணக்கைவிட மேல். ஏழு நாள் என்பது சிக்கல்தான். அந்த வாரம் காய்ச்சலில் படுத்திருந்தவரும் சோம்பேறியாகப் பதிவாவார். அதனால் உண்மையான தொடர்பு இருந்தால் பெரும்பாலும் மங்கித் தெரியும். சிலருக்குப் பிற்பாடு மறுபடியும் கட்டி அளந்தார்கள், எவ்வளவு மங்குகிறது என்று கணக்கிட அது உதவும். வருடம் ஆக ஆகத்தான் அந்தத் தரவுக்கு மதிப்பு. அவர்களில் பலருக்கு இன்னும் நோய் வரவில்லை.